பானட்டுக்குள்ளே சுத்தம்: நம் எல்லைப்புறத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. பஸ் போர்டில் மலையாளம், வீட்டுக்குள் தமிழ். தேங்காய் ஏற்ற ஒரு பிக்கப், குடும்பத்துக்கு ஒரு சின்ன கார். வாசலில் பானட்டை, அதாவது இன்ஜின் மேல்மூடியை, திறந்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தால் போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று ஏதாவது கேட்பார்கள். பல வருஷமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

"மூடியே கிடக்கிற இடம்தானே அண்ணா, அதை எதுக்குத் துடைக்கணும்?"

நம் பக்கத்தில் இதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரைக்கும் வழியெல்லாம் நார் மில். காயவைத்த தென்னை நாரும், அதிலிருந்து உதிரும் காயர் பித் தூளும் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். முன்னால் போகும் நார் லோடு வண்டிக்குப் பின்னால் பத்து நிமிஷம் போனால் போதும், ரேடியேட்டர் வலை முழுக்க நார் பின்னியிருக்கும். பானட்டுக்குள் ஏற்கெனவே ஆயில் கசிந்த இடத்தில் இந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். ஆயில் ஊறிய நார் என்றால் விளக்குத் திரி மாதிரிதான்.

ஒரு சித்திரை மாதம் பொள்ளாச்சியிலிருந்து பிக்கப்பில் திரும்பி வரும்போது கருகல் வாடை வந்தது. யாரோ மட்டை எரிக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். வாடை கூடவே வந்தது. நிறுத்தி, பானட்டைக் கொஞ்சமாகத் தூக்கினேன். சைலன்சர் குழாய் இன்ஜினிலிருந்து தொடங்கும் இடத்தில், தகட்டுக்குப் பின்னால், ஒரு கைப்பிடி நார் ஓரம் சிவந்து புகைந்துகொண்டிருந்தது. எலி கொண்டுவந்து வைத்த நார். குச்சியால் ரோட்டில் தள்ளி மிதித்தேன். பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, டீசல் ஹோஸ். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் நான் பானட்டுக்குள் பார்க்காமல் மாதம் தாண்டவிடுவதில்லை.

இன்னொரு காரணம், சுத்தமாக இருக்கும் இன்ஜினில் புதுக் கசிவு உடனே தெரியும். அழுக்கு மூடிய இன்ஜினில் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக்குக்கூடத் தெரியாது. முதலில் கழுவச் சொல்லித்தான் அனுப்புவார்.

"வாட்டர் சர்வீஸ் கடையில பீச்சி அடிச்சா அஞ்சு நிமிஷம். வீட்டுல எதுக்குக் கஷ்டம்?"

அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்கும் அந்த வேகம் சரி. பானட்டுக்குள் வேண்டாம். வீட்டுக்கு வாங்கும் சின்ன பிரஷர் வாஷரே 100 பார் அளவில் அடிக்கும். டயரில் நாம் வைக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். வயர் கனெக்டர்களில் இருக்கும் ரப்பர் வளையம் மழைச் சாரலைத் தடுக்கும், இந்த வேகத்தைத் தடுக்காது. உள்ளே போன நீர் அன்றைக்கே கோளாறு காட்டாமலும் இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்கள் பச்சை பூத்து, சென்சார் தப்பாகக் காட்டும்போது, கழுவியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஏர் ஃபில்டர் வழியாக நீர் இன்ஜினுக்குள் போவது. பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

எங்கள் காரையும் ஒரு கடையில் இப்படி அடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டும்போது மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, வண்டி உதறியது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றிப் பார்த்தால் பிளக் குழிக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் நின்றது. துணியைத் திரித்து விட்டு ஒற்றி எடுத்து, வெயிலில் காயவிட்டோம், சரியாகிவிட்டது. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எதை மூட வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"எப்போ செய்யலாம்? எங்கே நிறுத்தணும்?"

வருஷத்துக்கு இரண்டு தடவை நன்றாகச் செய்தால் போதும். நான் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்கு முன்னால் வைகாசியில் ஒன்று, ஐப்பசி மழை முடிந்து மார்கழியில் ஒன்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் மாதம் ஒருமுறை நாரையும் சருகையும் எடுத்தால் போதும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஓடி வந்த வண்டி என்றால் குறைந்தது ஒரு மணி நேரம். நான் காலையில் முதல் வேலையாகச் செய்கிறேன், இரவு முழுக்க ஆறியிருக்கும். சைலன்சர் பக்கத்து இரும்பு பல நூறு டிகிரி சூடேறும். அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். கை பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது. உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் இருக்கும், திறந்ததும் கொதித்தபடி முகத்துக்குப் பீச்சும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமல்லவா? வண்டியின் முகம் மேற்குப் பார்த்து நின்றால் காற்று பானட்டுக்கு அடியில் புகுந்து தூக்கும். தூக்கியதும் தாங்குகம்பி நழுவும். காற்று விட்டதும் பானட் தலையில் விழும். அந்த மாதங்களில் வண்டியின் பின்பக்கம் மேற்கே இருக்கும்படி, முடிந்தால் ஒரு சுவரின் மறைவில் நிறுத்துங்கள். தாங்குகம்பி அதற்கான ஓட்டையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பானட்டை ஒரு தடவை அசைத்துப் பாருங்கள்.

சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் வண்டியென்றால் ரிமோட்டை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

"பேட்டரி வயரைக் கழட்டணுமா?"

கழற்ற வேண்டும். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். பக்கத்தில் விரல் இருந்தால் போச்சு.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுத்து முதலில் மைனஸைக் கழற்றுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. காரணம் எளிது. மைனஸ் வயர் வண்டி பாடியோடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸில் ஸ்பேனர் வைத்து, அதன் மறுமுனை பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். ஸ்பேனர் நொடியில் பழுக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயுவும் வரும் என்பதால் அந்தப் பொறி இன்னும் ஆபத்து. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம்.

மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரலோடு சுடும். பெண்கள் செய்யும்போது தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஆண்கள் லுங்கியை மாற்றிவிட்டு பேன்ட் போடுங்கள்.

சில புது மாடல்களில் பேட்டரி கழற்றினால் கடிகாரம், பவர் விண்டோ செட்டிங் போய்விடும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"எதையெல்லாம் மூடி வைக்கிறது?"

காற்று உள்ளே போகும் வாய், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினின் தலைமேல் இருக்கும் இக்னிஷன் காயில்கள், கம்ப்யூட்டர் பெட்டி. பழைய கார்ப்பரேட்டர் வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டரும். பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்டோ டேப்போ சுற்றினால் போதும். ஆயில் மூடி, டிப் ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கவர் எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள். என் வீட்டில் பையன் எண்ணுவான். ஏழு போட்டால் ஏழும் திரும்பக் கைக்கு வந்தபிறகுதான் சாவி. காற்று வாயில் ஒரு கவர் மறந்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

"சரி, வேலையை எதுல இருந்து தொடங்கறது?"

உலர்ந்த வேலைதான் முதலில். இதில்தான் நம் பக்கத்து ஆட்கள் தவறுகிறார்கள். காயர் பித் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நர்சரியில் செடிக்குப் போடுவதே அதற்காகத்தான். அதன்மேல் நேராகத் தண்ணீர் விட்டால் சேறாகிக் கனெக்டர் இடுக்கில் அப்பிக்கொண்டு, நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும்.

ஆகவே முதலில் பெயின்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், வீட்டு வேக்வம் கிளீனர் இருந்தால் அது. மேலிருந்து கீழே. கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில், வைப்பருக்கு அடியில், கருப்புப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். ரோட்டோரப் புளியமரத்தின் பொடி இலை எல்லாம் அங்கேதான் சேரும். அதன் ஓரங்களில் நீர் வடியும் ஓட்டை உண்டு. அது அடைத்தால் மழை நீர் காருக்குள், காலடியில் வந்து நிற்கும். கார் தரை ஏன் ஈரமாகிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த ஓட்டையைத்தான்.

அப்புறம் ஈரத்துணி. வாளித் தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு, துணியைப் பிழிந்து துடைப்பது. பாதி அழுக்கு இதிலேயே வந்துவிடும். ஆயில் பிசுக்கு உள்ள இடத்துக்கு மட்டும், தண்ணீரில் கலக்கும் வகை டீகிரீசர் (பிசுக்கைக் கரைக்கும் திரவம்). டப்பாவில் சொன்ன அளவுக்குக் கரைத்துத் தெளித்து, மூன்று நான்கு நிமிஷம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். நிழலில் செய்யுங்கள், வெயிலில் காய்ந்தால் அலுமினியத்தில் கறை விழும். பெல்ட்டின்மேல் மட்டும் படக்கூடாது.

அலச வேண்டுமென்றால் செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயர் போதும். இன்ஜினின் கீழ்ப்பாகத்தில் மட்டும். நான் ஒரு காருக்கு அலச இரண்டு லிட்டருக்கு மேல் செலவழிப்பதில்லை.

"மண்ணெண்ணெய் இல்லைன்னா டீசல் போட்டுத் துடைச்சா சீக்கிரம் போகுமே?"

போகும். லாரி ஷெட்டுகளில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இரண்டுமே எரிபொருள். இடுக்கில் தங்கியது இன்ஜின் சூட்டில் ஆவியாகும். ரப்பர் ஹோஸையும் ஊதிப் போகச் செய்யும். மெல்லிய பிசுக்கு மிஞ்சும், நம் ஊர் நார்த்தூள் ஒரே வாரத்தில் அதில் வந்து ஒட்டும்.

பெட்ரோல் என்ற பேச்சே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவி அடுப்படி வரைக்கும் போகும்.

துணி துவைக்கும் காரம், காஸ்டிக் சோடா இரண்டும் கூடாது. அலுமினியத்தை அரிக்கும். இன்றைய இன்ஜின்களில் நிறைய பாகங்கள் அலுமினியம்தான்.

"எலி கூடு கட்டியிருக்கு. கையாலயே எடுத்துடலாமா?"

வெறுங்கையால் வேண்டவே வேண்டாம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்திலிருந்து வரும் கிருமியால் வருவது. கையில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே நுழையும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்ததும் கேரளம் முழுக்க எலிக்காய்ச்சல் பரவியதை நாம் பார்த்தோம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் சுகாதாரத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ரப்பர் கையுறை, முகத்துக்கு மாஸ்க். முதலில் பானட்டைத் தட்டி, சற்று நேரம் பொறுங்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தபிறகே கை. கூட்டை உலர்ந்தபடி பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும், ஆகவே இந்த ஒரு இடத்தில் மட்டும் உலர்ந்த வேலை கிடையாது. கிருமிநாசினி கலந்த நீரைத் தெளித்து, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, மொத்தமாக எடுத்துப் பையில் கட்டிப் புதையுங்கள். பிளீச்சிங் கலந்த நீரானால் அலுமினியத்தில் நிற்கவிடாமல் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எடுத்த பிறகு சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் எலிக்கூடு தொட்டதைச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் அவர் நேரத்தோடு மருந்து கொடுப்பார்.

கூடு இருந்த இடத்தைச் சுற்றி வயர் கடிபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பு தெரிந்தால் பேட்டரியை மாட்டாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கடிபட்ட டீசல், பெட்ரோல் ஹோஸுக்கு டேப் சுற்றி ஓட்டுவது கூடவே கூடாது.

"ரேடியேட்டர் வலையில நார் மாட்டிக்கிட்டு ஏசியே குளிர மாட்டேங்குது."

நம் பக்கத்து நோய் இது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது ஏசி கண்டென்சர். அதன் தகடுகள் காகிதம் மாதிரி மெல்லியவை, விரல் அழுத்தினாலே மடங்கும். மெல்லிய பிரஷால் தகடு ஓடும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். நீண்ட நாரைக் கையால் ஒவ்வொன்றாக உருவலாம். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூ ஆய்வதுபோல் அரை மணி நேரம் உருவி எடுத்துவிடுவார். அன்று மாலையே ஏசி குளிர்ந்துவிடும்.

கூலன்ட் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதனால் நாய் நக்கும், குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் பழுதாகும்.

"பேட்டரி முனையில வெள்ளையாப் பூத்திருக்கே?"

அமிலக் கசிவின் உப்பு. ஆப்பசோடா ஒரு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வயர் இரண்டும் கழற்றிய பிறகு பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்து வரும். பேட்டரி மூடி ஓட்டை வழியாக ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. துடைத்து, வயரை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

"பளபளன்னு இருக்க ஏதாவது ஸ்பிரே அடிக்கலாமா?"

பிளாஸ்டிக் மூடியில் துணியில் தொட்டுத் தடவுங்கள், போதும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும், சைலன்சரில் பட்டால் புகையும். எண்ணெய்ப் பசையுள்ளது என்றால் மறுபடி நார்தான் வந்து ஒட்டும்.

"துடைச்சு முடிச்சேன். ஸ்டார்ட் பண்ணினா வண்டி உதறுது."

உடனே அணைத்துவிடுங்கள். அவசரப்பட்டு ஓட்ட வேண்டாம். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது என்று அர்த்தம். அதிலுள்ள, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதானால் செலவு பெரிது. பேட்டரி மைனஸைக் கழற்றி, காயிலை எடுத்துப் பிளக் குழியைப் பாருங்கள். நீர் இருந்தால் துணியால் ஒற்றி, பானட்டைத் திறந்தபடி இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விடுங்கள். பஞ்சர் கடையில் காற்றுக் குழாய் கேட்டு வாங்கித் தூரத்திலிருந்து ஊதினாலும் சரி.

இந்தத் தொல்லையே வராமலிருக்க, துடைத்து முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் காயவிடுங்கள். பிறகு கவர்களை எண்ணி எடுத்து, பேட்டரியை மாட்டி, பானட் திறந்தபடி பத்து நிமிஷம் ஐடிலில் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் பெல்ட் பக்கம் குனிந்து பார்க்காதீர்கள். துணி, தலைமுடி எதுவானாலும் இழுத்துவிடும்.

"கேஸ் வண்டி, எலெக்ட்ரிக் வண்டிக்கும் இதே மாதிரியா?"

சிஎன்ஜி, எல்பிஜி வண்டியில் கேஸ் வாடை வந்தால் எதையும் தொடாமல் தள்ளி நின்று மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடை இல்லையென்றால் ஈரத்துணியால் துடைக்கலாம், ரெகுலேட்டரையும் குழாய் இணைப்புகளையும் விட்டுவிட்டு. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் அது உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினாலும் பெரிய பேட்டரி அப்படியேதான் இருக்கும். மேல்மூடியில் உலர்ந்த துணியால் தூசி தட்டுவதோடு நிறுத்திவிட்டு, மற்றதை சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள்.

"ஸ்கூட்டருக்கு?"

சைலன்சர் வாயில் கவர், பிளக்கின்மேல் துணி, ஈரத்துணியால் துடைப்பு. கால்மணி நேர வேலை.

"கழுவின தண்ணியை எங்கே ஊத்துறது?"

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் எனக்குச் சந்தோஷம். ஆயில் கலந்த நீரை வாய்க்காலில் விடாதீர்கள், கிணற்றடியிலும் வேண்டாம். சித்தூர்ப் புழையில் வரும் நீர் ஆழியாற்றிலிருந்து கணக்குப் பார்த்து வருவது. 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்று எழுதி வைத்து, அதற்காக இன்றுவரை இரண்டு மாநிலமும் பேசிக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு பாடுபட்டு வாங்கும் நீரில்தான் நம் நெல் விளைகிறது.

வண்டிக்கடியில் பழைய தார்ப்பாயை விரித்து, ஓரத்தை மடித்து வையுங்கள். நான் தார்ப்பாயின்மேல் ஒரு கூடை காயர் பித் கொட்டிவிடுவேன். சிந்தியதையெல்லாம் அது குடித்துக்கொள்ளும். அதை மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டி வெயில் படாத மூலையில், அடுப்புக்குத் தூரமாக வைத்திருந்து, பழைய ஆயில் எடுக்க வரும் ஆளிடம் பிக்கப் ஆயில் டின்னோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஆயில் துடைத்த துணிகளைக் குவியலாகப் போட்டு வைக்காமல், கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுகிறேன்.